பிளாக் ஏன் சிறுத்துப்போகிறது? குவில்ட் கேள்வி – பதில்

மேல்துணி, நடுவில் பேட்டிங் எனப்படும் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. இந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்துத் தைத்தால் குவில்ட். துண்டுத்துணிகளை இணைப்பதிலிருந்து கண்காட்சிப் போட்டிக்கு அனுப்புவது வரை வாசகர்கள் எழுதிக் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கே: 3½ அங்குலச் சதுரங்களை வரிசைக்கு 4 வீதம் 16 சேர்த்து ஒரு பிளாக், அதாவது மேல்துணியின் ஒரு கட்டம், தைக்கிறேன். 12½ அங்குலம் வரவேண்டும். ஒன்று 12 வருகிறது, இன்னொன்று 12¼ வருகிறது. வெட்டியதை இரண்டு முறை அளந்துவிட்டேன், அதில் பிழை இல்லை. பிறகு எங்கே தவறுகிறது?

ப: தையல் ஓரத்தில். குவில்ட்டில் தையலுக்கென்று விடும் ஓரம் கால் அங்குலம். உங்கள் ஊசி அந்தக் கோட்டைவிட்டு 1/16 அங்குலம் உள்ளே தள்ளி ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு துணியிலும் 1/16 வீதம் ஒரு தையலுக்கு ⅛ அங்குலம் போய்விடும். நான்கு சதுரம் சேரும் வரிசையில் மூன்று தையல், ஆக ⅜ அங்குலம். 12½ இருக்க வேண்டிய பிளாக் 12⅛ ஆகிவிடும். உங்களுக்கு வந்த அளவுகள் இதைச் சுற்றியேதான் இருக்கின்றன.

துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபூட்டில் கால் அங்குல ஃபூட் மாட்டியிருந்தாலும் இது நடக்கும். தைத்த ஓரத்தை ஒரு பக்கமாக மடித்து அழுத்தும்போது, மடிப்பின் வளைவு துணியில் ஓர் இழை அளவைத் தின்றுவிடுகிறது. அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் கால் அங்குலத்துக்கு ஓர் இழை குறைவாகவே தைப்பார்கள்.

இதைச் சோதிக்க ஸ்கேலை மட்டும் நம்பாதீர்கள். 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டிகள் வெட்டி, பக்கம் பக்கமாகத் தையுங்கள். ஓரங்களை அழுத்திவிட்டு நடுப்பட்டியை அளந்து பாருங்கள். சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும், மொத்த அகலம் 3½ வரவேண்டும். நடுப்பட்டி குறைந்தால் ஊசியை ஓரத்தை நோக்கி ஒரு மயிரிழை நகர்த்துங்கள், அதிகம் வந்தால் உள்ளே நகர்த்துங்கள். சரியான இடம் கிடைத்ததும் மெஷின் தட்டின் மேல் நாலைந்து அடுக்காக மாஸ்க்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். துணியின் ஓரம் அதில் உரசிக்கொண்டே போனால் போதும். ஊசியைப் பார்க்க வேண்டாம், டேப்பைப் பாருங்கள். நூலின் கனம் மாறினாலும் மெஷின் மாறினாலும் இந்தச் சோதனையை மறுபடி செய்துவிட வேண்டும். ஒரே குவில்ட்டை இரண்டு மெஷினில் தைப்பதைத் தவிருங்கள்.

அழுத்துவதும் அளவை மாற்றும். சட்டையைத் தேய்ப்பதுபோல இஸ்திரிப் பெட்டியை முன்னும் பின்னும் இழுத்தால் துணி நீண்டு வளையும். பெட்டியை வைத்து, அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள். முதலில் தைத்தபடியே மூடிவைத்து அழுத்தி நூலைப் படியவிட்டு, பிறகு திறந்து கரிய துணியின் பக்கம் ஓரத்தைச் சாய்த்து அழுத்துங்கள். ஒரு வரிசையின் ஓரங்கள் இடப்பக்கம் சாய்ந்தால் அடுத்த வரிசையை வலப்பக்கம் சாய்க்க வேண்டும். இரண்டு வரிசையையும் சேர்க்கும்போது மேடும் மேடும் எதிரெதிராக ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். விரல் நுனியால் நெருடிப் பார்த்தாலே பொருந்திவிட்டது தெரியும். நான்கு முனையும் ஒரே புள்ளியில் வந்து நிற்கும்.

ஏற்கெனவே தைத்துவிட்ட பிளாக்குகளைப் பிரிக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் சின்ன அளவுக்கு நறுக்கிச் சமன் செய்யவும் வேண்டாம், ஓரச் சதுரங்கள் மட்டும் சிறுத்துத் தெரியும். ஒவ்வொரு பிளாக்கையும் சுற்றி 1½ அங்குலப் பட்டி வைத்துத் தைத்து, பிறகு எல்லாவற்றையும் 13½ அங்குலத்துக்கு வெட்டிவிடுங்கள். ஒரு சட்டத்துக்கும் இன்னொன்றுக்கும் இருக்கும் ⅛ வித்தியாசத்தை யாருடைய கண்ணும் பிடிக்காது.

கே: முக்கோணங்கள் வைத்துத் தைத்தால் முனை மழுங்கிப்போகிறது, ஓரமும் இழுபடுகிறது.

ப: சதுரத்தைக் குறுக்கே வெட்டியதும் அந்த நீளமான ஓரம் கிராஸ், அதாவது இழைகளுக்குச் சாய்வான வெட்டு, ஆகிவிடுகிறது. கிராஸில் துணி ரப்பர் மாதிரி நீளும். ஆகவே முதலில் தைத்துவிட்டுப் பிறகு வெட்டுங்கள். தைத்து முடித்த பிறகு சதுரம் 3 அங்குலம் வேண்டுமென்றால் கணக்குப்படி 3⅞ அங்குலச் சதுரம். நாங்கள் சொல்வது 4 அங்குலம். வெளிர் துணியில் ஒன்றும் கரிய துணியில் ஒன்றும் எடுத்து நல்லபக்கம் உள்ளே இருக்கும்படி வைத்து, மூலைக்கு மூலை கோடு கிழித்து, கோட்டின் இரண்டு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, கோட்டின் மேல் வெட்டினால் இரண்டு சதுரங்கள் கிடைக்கும். அழுத்திவிட்டு, ஸ்கேலின் 45 டிகிரிக் கோட்டைத் தையலின் மேல் வைத்து 3½ அங்குலத்துக்கு வெட்டுங்கள். ⅛ அங்குலம் பெரிதாக வெட்டுவதில் வீணாவது கொஞ்சம் துணிதான். முனைகள் கூராக வரும்.

இரண்டு முக்கோணங்கள் சந்திக்கும் இடத்தில், பின்பக்கம் தையல்கள் குறுக்கிட்டு ஒரு புள்ளி தெரியும். அடுத்த தையல் அந்தப் புள்ளிக்கு ஓர் இழை வெளியே போக வேண்டும். உள்ளே போனால் முனை அறுபடும்.

கே: துணியைத் தைக்கும் முன் அலச வேண்டுமா?

ப: எல்லாத் துணியையும் அலசுங்கள், அல்லது எதையும் அலசாதீர்கள். பாதி அலசி, பாதி அலசாமல் கலந்தால் முதல் சலவையில் ஒரு பக்கம் சுருங்கி இன்னொரு பக்கம் உப்பிவிடும். அடர்சிவப்பு, கருநீலம், கறுப்பு மூன்றையும் மட்டும் கட்டாயம் சோதிக்க வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்து இஸ்திரியால் அழுத்துங்கள். வெள்ளையில் சாயம் ஏறினால் அந்தத் துணியைத் தனியாக வெந்நீரில் திரும்பத் திரும்ப அலசுங்கள். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். இன்றைய பருத்திச் சாயங்களுக்கு அது வேலை செய்யாது. தைத்து முடித்த குவில்ட்டில் சாயம் இறங்கிவிட்டால் முதல் காரியம், அதை வெயிலிலோ டிரையரிலோ காயவிடாமல் இருப்பது. ஈரத்தோடு பெரிய தொட்டியில், குவில்ட் தாராளமாக மிதக்கும் அளவு வெந்நீரும் சோப்புத்தூளும் விட்டு ஓர் இரவு ஊறவையுங்கள். தண்ணீர் குறைவாக இருந்தால் வெளியேறிய சாயம் திரும்பத் துணியிலேயே ஒட்டும்.

கே: பார்டர் வைத்ததும் குவில்ட் அலை அலையாக நெளிகிறது. தரையில் விரித்தால் ஓரம் படிவதே இல்லை.

ப: நீளமாக ஒரு பட்டியை வைத்து, ஓரத்தோடு ஓட்டித் தைத்துவிட்டு, மிஞ்சியதை வெட்டியிருப்பீர்கள். கை தெரியாமலே ஓரத்தை இழுக்கும். மெஷினின் பல் கீழ்த்துணியைச் சற்று வேகமாகத் தள்ளும். 60 அங்குலப் பக்கத்துக்கு 61½ அங்குல பார்டர் ஏறிவிடும். அந்த ஒன்றரை அங்குலம்தான் நெளிகிறது.

குவில்ட்டை நடுவில் ஒரு முறை, நடுவுக்கு இருபுறமும் ஒவ்வொரு முறை என மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். ஓரத்தில் அளக்கவே கூடாது, நீண்டு போயிருப்பது அதுதான். பக்கவாட்டுப் பட்டிகள் இரண்டையும் அந்த அளவுக்கு வெட்டி, பட்டியையும் குவில்ட்டையும் நான்காக மடித்து அடையாளம் வைத்து, அடையாளத்துக்கு அடையாளம் குண்டூசி குத்துங்கள். எது நீளமாக இருக்கிறதோ அது பல் பக்கம், அதாவது கீழே இருக்கட்டும். பல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வாங்கிக்கொள்ளும். பக்கவாட்டை முடித்து அழுத்திய பிறகு, புதிதாக அளந்து மேல் கீழ் பட்டிகள்.

கே: மெஷினில் குவில்ட் செய்யும்போது அடித்துணியில் சுருக்கம் விழுகிறது. வளைவுகளில் அடியில் நூல் கண்ணிமை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது.

ப: இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

சுருக்கம் விழுவது மூன்று அடுக்கையும் சரியாகப் பிணைக்காததால். அடித்துணியும் பேட்டிங்கும் மேல்துணியைவிட நாலு பக்கமும் 3, 4 அங்குலம் பெரிதாக இருக்கட்டும். அடித்துணியை நல்லபக்கம் கீழே இருக்குமாறு தரையில் விரித்து, ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். தொய்வு இருக்கக் கூடாது, இழுத்தும் ஒட்டக் கூடாது. இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் துணி பழைய அளவுக்குச் சுருங்கி, மேல்துணி கொசுவிக்கொள்ளும். அதன்மேல் பேட்டிங், அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து வெளியே நீவிக்கொண்டே போய், உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாக, அதாவது 4 அங்குலத்துக்கு ஒன்றாகச் சேஃப்டி பின் குத்துங்கள். உள்ளங்கையை எங்கே வைத்தாலும் ஒரு பின்னாவது தட்டுப்பட வேண்டும். நேர்கோட்டுக்கு வாக்கிங் ஃபூட் மாட்டுங்கள். அது மேல்துணியையும் கீழ்த்துணியையும் ஒரே வேகத்தில் நகர்த்தும். தையலை நடுவிலிருந்து தொடங்குங்கள்.

கண்ணிமை, கையின் வேகத்தால் வருவது. பல்லை இறக்கிவிட்டு வளைவு போடும்போது கை வேகமாகவும் மெஷின் மெதுவாகவும் ஓடினால், வளைவில் ஊசி வளைந்து, பாபின் நூல் எனப்படும் அடிநூல் குறுக்கே இழுபடும். மிதியைச் சற்று அழுத்தி, கையை மெதுவாக்குங்கள். ஊசி 90/14 போடுங்கள். எட்டு மணி நேரத் தையலுக்கு ஒரு முறை ஊசியை மாற்றிவிடுங்கள். அதன் பிறகும் மேல்நூல் அடியில் தெரிந்தால் மேல் டென்ஷனை, அதாவது மேல்நூலின் இறுக்கத்தை, ஓர் எண் கூட்டுங்கள். அடிநூல் மேலே புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் குறையுங்கள். மாற்றியதை உடனே குவில்ட்டில் தைத்துப் பார்க்காதீர்கள். அதே துணி, அதே பேட்டிங் வைத்த ஒரு சாண் துண்டு எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

கே: கைத்தையலில் அங்குலத்துக்கு எத்தனை தையல் இருக்க வேண்டும்?

ப: மேலே தெரிவதை மட்டும் எண்ணினால் பழகிய கைக்கு 8 முதல் 10 வரும். நீங்கள் 5 அல்லது 6-ல் தொடங்குங்கள், ஆனால் ஐந்தும் ஒரே நீளம் இருக்கட்டும். இடைவெளியும் தையலும் சமமாக இருக்கும் 6, கோணல்மாணலான 10-ஐவிட அழகு. நடுவர்களும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

‘பிட்வீன்ஸ்’ என்று கேட்டு வாங்கும் குட்டை ஊசிதான் இதற்கு. எண் கூடக்கூட ஊசி சிறிதாகும். 9-ல் தொடங்கி, கை பழகியதும் 10-க்குப் போகலாம். நூல் 18 அங்குலத்துக்கு மேல் வேண்டாம், முறுக்கிக்கொள்ளும், ஊசிக்கண்ணில் தேய்ந்து பிசிறும். நுனியில் சின்ன முடிச்சுப் போட்டு, தொடங்கும் இடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி ஊசியை மேல்துணியிலும் பஞ்சிலும் மட்டும் விட்டு, சடக்கென்று ஒரு சுண்டு. முடிச்சு பஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நடுவிரலில் திம்பிள் எனப்படும் விரல் கவசம் போட்டு ஊசியைச் செங்குத்தாக இறக்குங்கள். அடியில் இருக்கும் விரல் நுனியை ஊசி தொட்டதும் ஊசியைச் சாய்த்து மேலே எடுங்கள். தொட்டில் ஆடுவதுபோல ஊசி சாய்ந்து நிமிர்ந்து மூன்று நான்கு தையல்களைக் கோத்த பிறகு ஒரே இழுப்பு. ஊசி சாய்வாக இறங்கினால் அடியில் தையல் பிடிக்காமல் தவறும். வளையத்தில் துணியை டமாரம் மாதிரி இறுக்கிப் பிடித்தாலும் ஊசி ஆடாது. நடுவில் விரலால் அழுத்தினால் ஓர் அங்குலமாவது பள்ளம் விழ வேண்டும்.

கே: சூட்டில் மறையும் பேனாவால் கோடு போட்டேன். இஸ்திரி பட்டதும் மறைந்தது, குளிரான இடத்தில் வைத்திருந்து எடுத்தால் எல்லாக் கோடும் திரும்ப வந்திருக்கிறது!

ப: அந்த மை அழிவதில்லை. 60 டிகிரி செல்சியஸ் அளவில் நிறமிழக்கிறது, உறைநிலைக்கு நன்றாகக் கீழே போனால் நிறம் திரும்புகிறது. போட்டிக்கான குவில்ட்டில் அதை வெட்டும் கோட்டுக்கும் தையல் ஓரத்துக்குள்ளும் மட்டும் பயன்படுத்துங்கள். தண்ணீரில் மறையும் நீலப் பேனாவுக்கு நேர் எதிரான விதி. நனைத்து முழுக்கப் போக்கும்வரை சூடு படவே கூடாது, பட்டால் கறை நிலைத்துவிடும். எதுவானாலும் முதலில் துண்டுத்துணியில்.

கே: முதல் முறையாகக் கண்காட்சிப் போட்டியில் குவில்ட் வைக்கப்போகிறேன். நடுவர்கள் எதைப் பார்ப்பார்கள்? எப்படித் தயார் செய்வது?

ப: முதலில் விதிப்புத்தகத்தை முழுசாகப் படியுங்கள். நல்ல குவில்ட்கள் பிரிவு மாறி வைத்ததால் நடுவர் மேசைக்கே போகாமல் திரும்புவது உண்டு. கையால் குவில்ட் செய்தது, மெஷினால் செய்தது, துணி உருவங்களை மேலே வைத்துத் தைக்கும் அப்ளிக், சுவரில் மாட்டுவது, குழந்தைக்கானது, முதல் முறை கலந்துகொள்வோர், சிறுவர் என்று பிரிவுகள் இருக்கும். அளவு வரம்பும் இருக்கும். சுற்றளவைச் சொல்கிறார்களா அகலத்தைச் சொல்கிறார்களா என்று கவனியுங்கள். எத்தனை ஆண்டுக்குள் முடித்திருக்க வேண்டும், முன்பு வேறெங்காவது வைத்ததை ஏற்பார்களா என்பதும் அதில் இருக்கும்.

நடுவர் முதலில் தூர நின்று முழுசாகப் பார்ப்பார். நிறங்கள் சேர்கின்றனவா, பார்டர் நடுப்பகுதியை அமுக்குகிறதா, தையல் கோலம் பரப்பு முழுதும் சீராக இருக்கிறதா. நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் அகலமாகவும் தைத்தால், நெருக்கமான இடம் சுருங்கி ஓரம் விரிந்து, குவில்ட் தட்டையாகத் தொங்காது. அதன் பிறகு கிட்டே வருவார். முனைகள் சந்திக்கின்றனவா, தையல் தொடங்கிய இடத்தில் நூல் குவிந்திருக்கிறதா, வெளிர் துணியின் அடியில் கரிய நூல்துண்டு நிழலாடுகிறதா, பின்பக்கம் எப்படி இருக்கிறது. கடைசியாக ஓரத்தை விரலால் கிள்ளிப் பார்ப்பார்.

நூல் நிழல் பலரும் கோட்டைவிடும் இடம். மூன்று அடுக்கையும் சேர்க்கும் முன், மேல்துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பின்பக்க நூல்வால்கள் ஒவ்வொன்றையும் வெட்டுங்கள். சேர்த்த பிறகு அதை எடுக்க வழி கிடையாது.

சதுரம் சரியா என்று பார்க்க மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுங்கள், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். கொஞ்சம் கோணலாக இருந்தால், ஓரப்பட்டி வைக்கும் முன் குவில்ட்டை ஈரமாக்கி, கம்பளத்தின் மேல் சதுரமாக இழுத்துக் குண்டூசி குத்தி, முழுதும் உலரும்வரை விட்டுவிடுங்கள். சாயம் நிற்பது உறுதியான குவில்ட்டுக்கு மட்டும் இது.

மாட்டுவதற்கு மேல் ஓரத்தின் பின்னால் ஒரு குழாய் வேண்டும். 8½ அங்குல அகலத் துணியைக் கால் அங்குலத்தில் குழாயாகத் தைத்தால் தட்டையாக 4 அங்குலம் இருக்கும். நீளம் குவில்ட்டின் அகலத்தைவிட 2 அங்குலம் குறைவு. அடித்துணியில் மட்டும் பிடித்து ஹெம்மிங் செய்யுங்கள், முன்பக்கம் ஒரு தையலும் தெரியக் கூடாது. பின்பக்கக் கீழ்மூலையில் பெயர்ச்சீட்டு. பெயரை மறைக்கச் சொல்லும் போட்டிகளும் உண்டு, அங்கே அதன்மேல் ஒரு துண்டுத்துணியைக் குத்திவிடுங்கள்.

முந்தைய இரவு வெளிச்சத்தில் விரித்து, முடி, பஞ்சுத் தூசி, நூல் எல்லாவற்றையும் ஒட்டும் உருளையால் இரண்டு பக்கமும் எடுங்கள். புகை வாசனையும் அத்தர் வாசனையும் மதிப்பெண்ணைக் குறைக்கும்.

கே: நடுவர் குறிப்பில் ‘பைண்டிங் நிறையவில்லை’ என்று எழுதியிருந்தது. அப்படியென்றால்?

ப: ஓரப்பட்டிக்குள் பஞ்சு போய்ச் சேரவில்லை என்று பொருள். கிள்ளினால் வெறும் துணி மடிகிறது. அந்த வெற்று மடிப்புதான் புழக்கத்தில் முதலில் தேய்ந்து கிழியும். அதனால் இது நடுவருக்கான நுணுக்கம் மட்டும் இல்லை.

ஓரத்தை வெட்டும்போது மேல்துணியின் விளிம்போடு ஒட்ட வெட்டாமல், பேட்டிங்கும் அடித்துணியும் ⅛ அங்குலம் வெளியே நீளும்படி விடுங்கள். 2½ அங்குலப் பட்டியை இரண்டாக மடித்து, மேல்துணியின் விளிம்போடு சேர்த்து, கால் அங்குலத்தில் தையுங்கள். பின்னால் மடக்கும்போது அந்த ⅛ பஞ்சு பட்டிக்குள் நிறைந்து உட்காரும். முனைகள் மழுங்காமலும் இருக்கும்.

மூலையில், ஓரத்துக்குக் கால் அங்குலம் முன்பே நிறுத்தி நூலை வெட்டுங்கள். பட்டியை மேல்நோக்கி மடித்தால் 45 டிகிரியில் ஒரு சாய்வு மடிப்பு விழும். அதைப் பிடித்தபடி பட்டியைக் கீழ்நோக்கி மடித்து, அடுத்த பக்கத்தை விளிம்பிலிருந்தே தொடங்குங்கள். பின்னால் மடக்கியதும் சாய்வு மடிப்பை முன்னும் பின்னும் நாலைந்து கைத்தையலால் மூடிவிடுங்கள். திறந்திருக்கும் மடிப்புக்கும் மதிப்பெண் குறையும்.

அளவுக்கு ஓர் உதாரணம். 60 × 80 அங்குலக் குவில்ட்டின் சுற்றளவு 280. இணைப்புக்கும் மூலைக்கும் 12 சேர்த்தால் 292. கரையை நீக்கி 40 அங்குலம் தேறும் துணியில் 8 பட்டிகள் வேண்டும். எட்டுக்கும் சேர்த்து 20 அங்குலத் துணி. பட்டிகளை 45 டிகிரிச் சாய்வில் இணையுங்கள். நேராக இணைத்தால் அந்த ஓர் இடத்தில் தடிப்பு விழுந்து கிள்ளும்போது நெருடும்.

கே: மேல்துணி என் கைவேலை. லாங்ஆர்ம் எனப்படும் பெரிய குவில்ட் மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுத்துக் குவில்ட் செய்து வாங்கினேன். என் பெயரில் மட்டும் போட்டிக்கு வைக்கலாமா?

ப: கூடாது. இருவர் செய்த பிரிவு என்று தனியாக இருக்கும், அதில் இரண்டு பெயரும் போட்டு வையுங்கள். அப்படிப் பிரிவு இல்லாவிட்டாலும் படிவத்திலும் பெயர்ச்சீட்டிலும் அவர் பெயர் இருக்க வேண்டும். வடிவம் வேறொருவருடையதானால் அதையும் எழுதுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், குவில்ட் போட்டிகளின் வரலாற்றில் இது ஆறாத புண். 1933-ல் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி சியர்ஸ் என்ற அமெரிக்க வணிக நிறுவனம் நடத்திய போட்டிக்கு 24,000-க்கும் மேற்பட்ட குவில்ட்கள் வந்தன. நாடே வேலையின்றித் தவித்த காலத்தில் முதல் பரிசு 1,000 டாலர். பரிசு பெற்ற நட்சத்திரக் குவில்ட்டை வென்றவர் தைக்கவில்லை, கூலிக்கு வேறு பெண்கள் தைத்துக்கொடுத்தது என்பது பின்னாளில் வெளிவந்தது. அந்தப் பெண்களுக்குப் பரிசில் பங்கும் இல்லை, பெயரும் இல்லை.

கே: ஒரே பிரிவில் நான்கு பேருக்கு முதல் பரிசு கொடுத்திருந்தார்கள். எப்படி?

ப: அது டேனிஷ் முறை. குவில்ட்களை ஒன்றோடொன்று ஒப்பிடாமல், ஒவ்வொன்றையும் ஒரு தரத்தோடு ஒப்பிடுவார்கள். தரத்தைத் தொட்ட எல்லாவற்றுக்கும் முதல் ரிப்பன் உண்டு. ஒரு முதல், ஓர் இரண்டாவது, ஒரு மூன்றாவது என்று தேர்வதும் உண்டு. கற்றுக்கொள்பவர்களுக்கு டேனிஷ் முறை நல்லது, குறிப்பெழுதும் நடுவர் கிடைத்தால் இன்னும் நல்லது. ரிப்பனின் நிறமும் ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்கக் கண்காட்சிகளில் முதலிடத்துக்கு நீலம், கனடாவில் சிவப்பு.

கே: போட்டி முடிந்து வந்த குவில்ட்டை எப்படி எடுத்துவைப்பது?

ப: பிளாஸ்டிக் பையில் வேண்டாம், ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பருத்தித் தலையணை உறைக்குள் போடுங்கள். எப்போதும் ஒரே கோட்டில் மடித்தால் அந்த இடத்தில் இழை தளர்ந்துவிடும். மூலைவாக்கில் மடித்து, சில மாதங்களுக்கு ஒரு முறை பிரித்து வேறு இடத்தில் மடியுங்கள். மடிப்புக்குள் பழைய பருத்தித் துணியைச் சுருட்டி வைத்தால் கூர்மையான தடம் விழாது.